இரண்டு தராசில் ஒரு கார்

ஐந்தில் ஒரு விநாடிக்காக என் அண்ணன் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் முதல் வாரம் சிரித்தேன். இரண்டாவது வாரம், தானாக வருவார் என்று சும்மா இருந்தேன். மூன்றாவது வாரம் எனக்கும் கோபம் வந்துவிட்டது. அவருக்கு மட்டும்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரியுமா என்ன?

விஷயம் இதுதான். வட்டகொடைக்கு மேலே, மூடிக்கிடக்கும் பழைய தேயிலை ஃபெக்டரி ஒன்றைச் சுற்றி ஒரு மண்பாதை ஓடுகிறது. ஒரு காலத்தில் கொழுந்து லொறி போய்வந்த பாதை. தோட்டத்துப் பெரிய தொரையிடம் அனுமதி வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கார் ஓட்டப்போட்டி நடத்தும் சங்கம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் என் அண்ணன், அதே தெருவில் சலூன் வைத்திருப்பவர், இன்னும் நான்கு பேர். எல்லாமே என் வயதுக்குக் குறையாத ஜப்பான் கார்கள். பாரம் குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றி வீட்டு முன்னறையில் சோபாவாகப் போட்டுவிட்டு ஓட்ட வருகிற கூட்டம் இது. பாதை அகலம் போதாது என்பதால் கார்களை ஒவ்வொன்றாகத்தான் விடுவோம். மூன்று சுற்று. குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குக் கப்.

அந்த நேரத்தைக் குறிப்பவள் நான். ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். கணக்கு டீச்சர் கள்ளம் செய்ய மாட்டார் என்று சொல்லித்தான் என்னைப் பிடித்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு சாரலில் மூன்று மணித்தியாலம் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. கோட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கொடி இறங்கும்போது ஸ்டொப்வோச்சை அமத்துவேன். மூன்றாவது சுற்று முடிந்து கார் கோட்டைத் தாண்டும்போது மறுபடி அமத்துவேன். அவ்வளவுதான் வேலை. ஆறு வருடமாக அந்த நாற்காலியில் நான் சொன்னதுதான் சட்டம் என்று இருந்தது. எனக்கும் அது கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வருடக் கடைசிப் போட்டியில் சலூன்காரர் முதலாவது, என் அண்ணன் இரண்டாவது. வித்தியாசம் தசம் இரண்டு விநாடி. நான் தாளில் எழுதி வாசித்ததும் அண்ணன் ஹெல்மட்டைக் கழற்றி பொனட்டின் மேல் வைத்தார்.

“கொழுந்து நிறுக்கிறவன் தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிப்பான்ல. அந்த மாதிரி கூடப்பொறந்தவளே எனக்குக் கழிச்சிட்டா” என்றார், எல்லாருக்கும் கேட்க.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. நாள் முழுக்கப் பறித்த கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டு, ஈரம் என்றும் சாக்கு என்றும் சொல்லிக் கழிக்கிறவனை எங்கள் சனம் எப்படி ஏசும் என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஸ்டியரிங் பிடிக்கத் தெரியலன்னா வோச் என்ன செய்யும்?” என்று கேட்டேன். அதுவும் எல்லாருக்கும் கேட்கத்தான்.

சலூன்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. அண்ணன் காரில் ஏறிப் போனவர்தான், அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சரி, வராவிட்டால் போகட்டும் என்று விடக்கூடிய நேரமா அது? என் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. சித்திரை லீவில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காது குத்துவதென்று முடிவாகியிருந்தது. காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் போனில், “ஒம் மடியில வச்சிக் குத்திட்டா காதுல ஓட்ட விழாதா?” என்று கேட்டார். அவருக்கென்ன, கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கோயிலில் நிற்கிற நூறு பேரும் ‘மாமன் எங்க?’ என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவள் நான். அதைவிட, என் பிள்ளை வேறு யார் மடியிலோ உட்கார்ந்து அழுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அண்ணன் வர வேண்டும். ஆனால் நான் போய்க் காலில் விழ மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த ஐந்து மாதமும் போனது.

இந்த நிலைமையில் சங்கத்துச் செக்ரட்டரி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். ஃபெக்டரி ஒன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற சிங்கள மனிதர். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், நாங்கள் அவரை மாத்தையா என்போம்.

“டீச்சர், இனி கையால நேரம் எடுத்தா இந்தச் சண்டை முடியாது. மெஷின் ஒண்டு வாங்குவம். கார்ல ஒரு சின்னப் பெட்டி பூட்டினா அதுவே நேரம் சொல்லுமாம். எது நல்லதுண்டு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்” என்றார்.

“என் கையில நம்பிக்க இல்லன்னு சொல்றீங்க.”

“அனே, நான் அப்பிடிச் சொன்னனா?”

சொல்லவில்லைதான். ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது. அதே மூச்சில் வேறொரு எண்ணமும் வந்தது. நல்லதாக, பிசகே இல்லாத மெஷினாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் ஆறு வருடமாகச் சரியாகத்தான் அமத்தியிருக்கிறேன் என்று அது அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாளை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அவர் வாயடைத்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு பெரிய மனது பண்ணி, “சரி விடுங்க அண்ணே, காது குத்துக்கு வாங்க” என்று நான் சொல்ல வேண்டும். காட்சி முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான், “சரி மாத்தையா, பார்க்கிறேன்” என்றேன்.

முதலில் சலூன்காரர் ஒரு யோசனை சொன்னார். பணமே வேண்டாம், போனில் ஒரு அப் போட்டால் போதும், சாட்டிலைட் பார்த்து நேரம் சொல்லும் என்றார். அவர் காரிலேயே போனைக் கட்டி ஓடவிட்டோம். பாதையின் ஒரு பக்கம் முழுக்க உயரமான டர்பன்டைன் மரங்கள், மறுபக்கம் மலை. சாட்டிலைட்டுக்கு என்ன தெரிந்ததோ, சலூன்காரர் இரண்டாவது சுற்றில் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நடுவே போய்க்கொண்டிருப்பதாகப் படம் காட்டியது. “முடி நனையலயே” என்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது ஒளிக்கதிர்ப் பெட்டி. பாதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி; நடுவில் ஓடும் வெளிச்சத்தை எது குறுக்கே வந்து மறைத்தாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். எது மறைத்தாலும் என்பதுதான் கோளாறு. ஃபெக்டரிக் காவலாளியின் செம்மண் நிற நாய் ஒன்று இருக்கிறது. கார் என்றால் அதற்கு உயிர். அன்று அது ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஓடி வந்து கோட்டைத் தாண்டியது. பெட்டியின் கணக்குப்படி அன்றைய வெற்றியாளர் நாய்தான். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தால் பதினொரு மணிக்கு மிஸ்ட் இறங்கிப் பாதையை மூடிவிட்டது. மிஸ்ட்டையும் கார் என்று நினைத்து அந்தப் பெட்டி விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. நுவரெலியா மாவட்டத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றே திருப்பி அனுப்பிவிட்டோம்.

கடைசியில்தான் ட்ரான்ஸ்பொண்டருக்கு வந்தோம். பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் எளிமையானவர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். கோட்டுக்கு நேரே மண்ணைக் கீறி ஒரு வயரைப் புதைத்துவிட வேண்டும். கார் அதன் மேல் போகும்போது பெட்டி தன் இலக்கத்தைச் சொல்லும், வயரின் மறுமுனையில் இருக்கும் மெஷின் அதைக் கேட்டு நேரத்தை எழுதிக்கொள்ளும். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கிற மாதிரிதான். நாய்க்கு இலக்கம் இல்லை, அதனால் நாய் எத்தனை தரம் ஓடினாலும் கணக்கில் வராது. இதைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் இதிலும் இரண்டு சாதி. ஒன்று கார் பெட்டரியில் வயர் எடுத்துப் பூட்டுவது. சார்ஜ் தீரும் பயமில்லை, ஒருமுறை பூட்டினால் மறந்துவிடலாம். மற்றது போனைப் போலச் சார்ஜ் போட்டு, கழற்றிக் கழற்றி மாட்டுவது. சார்ஜ் இருந்தால் பச்சை விளக்கு மினுங்கும், குறைந்தால் சிவப்பு. கொழும்பில் இவற்றை விற்கிறவரைப் போனில் பிடித்து நாற்பது கேள்வி கேட்டிருப்பேன். பாவம், பொறுமையான மனிதர். கடைசியில் அவர் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மிஸ், உங்க கார்கள்ல வயரிங் எல்லாம் எப்படி?”

நான் அண்ணன் காரை நினைத்துக்கொண்டேன். அதில் ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஆடும்.

“ரெண்டு சாதியிலயும் அனுப்புங்க, ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். வயர் பூட்டுவதில் ஒன்று, சார்ஜ் போடுவதில் ஆறு, புதைக்கிற வயர், மெஷின் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தர ஒத்துக்கொண்டார்.

வயர் பூட்டுவதை யார் காரில் பரீட்சிப்பது? இருப்பதிலேயே மோசமான வயரிங்கில் அது தாக்குப்பிடித்தால் எல்லாக் காரிலும் தாக்குப்பிடிக்கும். அந்தப் பெருமை அண்ணனுடைய காருக்குத்தான். இதை அவரிடம் சொல்ல நான் அண்ணியைப் பிடித்தேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வாயைத் திறந்தால் நான்கு வார்த்தைதான், அந்த நான்கும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், நீங்க வாங்க என்று மரியாதை வேறு. அது மரியாதையா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போட்டி நாட்களில் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து என் நாற்காலிக்கு எதிரே ஒரு கல்லில் உட்காருவார். பாதைக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி. தூசி கண்ணில் படுகிறதாம். புருஷன் பேசாமல் இருந்த ஐந்து மாதத்தில் நடந்த ஒரு போட்டியிலும் அண்ணி அதே கல்லில்தான் உட்கார்ந்தார்.

பரீட்சை ஞாயிறன்று காலையிலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். அண்ணன் காருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அண்ணி. எங்கள் இருவருக்கும் இடையே நாலு முழம் தூரம்கூட இருந்திருக்காது.

“பொட்டிய எங்க பூட்டணுமாம்? டீச்சரம்மாகிட்டக் கேளு” என்றார் அண்ணன் அண்ணியிடம்.

“பின் சில்லுக்கு முன்னாலன்னு சொல்லுங்க அண்ணி. எல்லாக் காருக்கும் ஒரே இடந்தான்.”

“முன் பம்பர்ல வச்சா என்னவாம்?”

“மூக்கு நுனியில வச்சி முன்னால காட்டலாம்னு பாக்குறாங்களான்னு கேளுங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் அதே மூக்குதான். ஒரு லாபமும் இல்லன்னு சொல்லுங்க.”

அண்ணி இரண்டு பக்கமும் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? நான் தேத்தண்ணி ஊத்தப் போறேன்” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் காரின் பின் டயரிடமும், நான் கையிலிருந்த தாளிடமும் பேசி ஒருவாறு பூட்டி முடித்தோம்.

வயர் பூட்டிய பெட்டி ஒன்றரைச் சுற்று உயிரோடு இருந்தது. சாரல் விழுந்தது, அண்ணன் வைப்பரைப் போட்டார், பெட்டி போய்ச் சேர்ந்தது. ஹோர்ன் அடித்துப் பார்த்தார், மறுபடி உயிர் வந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டே மூன்று சுற்று ஓடலாமா என்று சலூன்காரர் கேட்டார். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அதை விழுங்கிக்கொண்டார். ஆக, சார்ஜ் போடும் சாதிதான் என்று முடிவாயிற்று. ஆறு கார்களிலும் பச்சை விளக்கு மினுங்க மாட்டினோம்.

“மெஷின் சரியா ஓடுதாண்டு எப்பிடித் தெரியும்?” என்று மாத்தையா கேட்டார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

“எங்க தோட்டத்துக்குக் கரண்டுத் தராசு வந்தப்ப நாங்க அத நம்பல. சாக்கக் கட்டி மொதல்ல கடைத் தராசுல நிறுத்தோம். அப்புறம் அதே சாக்க அதுல போட்டோம். ரெண்டும் ஒண்ணு சொன்னாத்தான் கொழுந்தக் கொட்டினோம். இதையும் அப்படிப் போடுங்க. ஒரு பக்கம் பொட்டி, ஒரு பக்கம் டீச்சரு கை.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் மனதில் ஓட்டி வைத்திருந்த காட்சிக்கு அண்ணியே திரை கட்டிக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். ஸ்டொப்வோச்சை எடுத்துத் துடைத்து, நாற்காலியில் போய் ராணி மாதிரி உட்கார்ந்தேன். அண்ணி எதிரே கல்லில் உட்கார்ந்தார்.

பெட்டி வயருக்கு ஒட்டினாற்போல் இருக்கும்படி காரை நிறுத்தி ஒவ்வொன்றாக விட்டோம். ஆளுக்கு இரண்டு தரம் ஓடினார்கள். நான் என் தாளில் எழுதினேன், மெஷின் தன் பாட்டுக்கு எழுதியது. மத்தியானம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சலூன்காரருக்கு நானும் மெஷினும் ஒரு விநாடியின் நூறில் ஐந்து பங்குக்குள் ஒத்துப்போனோம். அடுத்தவருக்கு ஆறு. அடுத்தவருக்கு நான்கு. ஆறு வருடக் கை என்றால் சும்மாவா? ஐந்து கார் வரைக்கும் நான் வானத்தில்தான் இருந்தேன்.

ஆறாவது அண்ணனுடையது. மெஷினைவிட நான் தசம் நான்கு கூடப் போட்டிருந்தேன். இரண்டாவது ஓட்டத்தைப் பார்த்தேன். அதிலும் தசம் நான்கு.

பெட்டியில்தான் பிழை என்றேன். சார்ஜ் பார்த்தேன், பச்சை. சலூன்காரர் காரிலிருந்த பெட்டியைக் கழற்றி அண்ணன் காரில் மாட்டி மறுபடி ஓடச் சொன்னேன். தசம் நான்கு. அண்ணனுடைய பெட்டியைச் சலூன்காரருக்கு மாட்டினேன், அவருக்கு வித்தியாசமே இல்லை. மாத்தையா பசிக்கிறது என்று சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டார், மற்றவர்களும் பார்சலோடு ஃபெக்டரிக் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். நான் மட்டும் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தேன்.

அண்ணி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார்.

“பொட்டிய மாத்தி மாத்திப் பாத்து என்ன செய்யப் போறீங்க டீச்சர்? அது சரியாத்தான் சொல்லுது.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரு கடைசி வளைவுக்கு வந்தா நீங்க கண்ண மூடிக்கிறீங்க.”

“யாரு, நானா?”

“நீங்கதான். கார்ச் சத்தம் கோட்டத் தாண்டின பொறகுதான் தொறக்கிறீங்க. அதுக்கப்புறந்தான் வோச்ச அமத்துறீங்க. மத்தவங்க வந்தா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்க.”

அந்தக் கடைசி வளைவு கோட்டுக்கு இருபது அடிக்கு முன்னால் இருக்கிறது. அதற்கு வெளிப்பக்கம் சரிவு, சரிவில் தேயிலை. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு போட்டியில் அண்ணன் அந்த வளைவில் வாலை வீசி, கார் இரண்டு புரட்டல் புரண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், தலையெல்லாம் தேயிலைக் கொழுந்தோடு ஏறி வந்தார். ‘ரெண்டு கிலோ தேறும்’ என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அதிகமாகச் சிரித்தது நான்தான். வீட்டுக்குப் போய்க் கோப்பை கழுவும்போது ஒன்றைக் கீழே போட்டு உடைத்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“எப்பயிருந்து அண்ணி?”

“கார் பொரண்டுச்சே, அதுக்கு அடுத்த போட்டியில இருந்து.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

அண்ணி பிளாஸ்க் மூடியைத் திருகினார். “சொன்னா ஒங்கள இந்த நாக்காலியில இருந்து எடுத்துருவாங்க. அப்புறம் நான் யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காருறது? அந்த வளைவத் திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல டீச்சர். நீங்க கண்ணத் தொறந்தீங்கன்னா, அவரு வந்துட்டாருன்னு அர்த்தம்.”

தூசி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

“அப்புறம் இன்னைக்கி ஏன் ரெண்டு தராசுன்னு சொன்னீங்க?”

“புள்ளைக்குக் காது குத்த வேணாமா? நானும் அஞ்சு மாசமா வீட்டுல அந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கேன்.”

இரண்டு தாளையும் மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. தாள்களை நான் மட்டும்தான் ஒப்பிட்டிருந்தேன். ‘மெஷின் நல்ல மெஷின், வாங்கலாம்’ என்று சொன்னால் முடிந்தது. அடுத்த போட்டியிலிருந்து எல்லாம் சரியாகிவிடும், பழையதை யார் கிண்டப் போகிறார்கள்? அண்ணி சொல்ல மாட்டார். நான் தோற்கவும் வேண்டாம். அண்ணன் மட்டும் வாழ்நாளெல்லாம் தோற்றவராகவே இருப்பார், அவ்வளவுதான். தசம் இரண்டால் தோற்றவரிடம் நான் தசம் நான்கைக் கழித்திருக்கிறேன். இதற்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். அவர்தான் வென்றிருக்கிறார். அவரை நிறுத்தி வைத்து, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவர் என்று ஊர் சிரிக்கச் சொன்னவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

அண்ணன் பொனட்டைத் திறந்து வைத்து அந்த வைப்பர் வயரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“என்ன வேணுமாம்னு கேளு” என்றார். அண்ணி பக்கத்தில் இல்லை. பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

“அண்ணே, போன வருசக் கடைசிப் போட்டியில நீங்கதான் ஜெயிச்சீங்க” என்றேன். “நான் ஒங்களுக்குத் தசம் நாலு கூடப் போட்டுட்டேன். கார் பொரண்டதுல இருந்தே கூடத்தான் போட்டிருக்கேன். தாள் ரெண்டும் இருக்கு, பாருங்க. கடைசி வளைவுக்கு நீங்க வந்தா எனக்குப் பாக்க முடியல. நீங்க தாண்டிப் போற சத்தம் கேட்டுத்தான் அமத்துறேன். வேணும்னு செய்யல. ஆனா நீங்க சொன்னது சரி. கழிச்சிட்டேன்.”

வயரை முறுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

“கண்ணத் தொறந்துக்கிட்டுச் சொல்லு” என்றார் அண்ணன்.

அப்போதுதான் தெரிந்தது, அவ்வளவையும் நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். திறந்தேன். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக நேராக.

“அன்னைக்கிக் கார் பொரண்டப்ப நீதானே அத்தன பேருல பெரிசா சிரிச்ச?”

“சிரிச்சேன்.”

“பயந்தாங்கொள்ளி” என்றார். பொனட்டைத் தடாலென்று மூடிவிட்டு, “சோறு தின்னியா?” என்று கேட்டார். நான் தின்னவில்லை. அவருடைய பார்சலைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தார். மிளகாய்ச் சம்பல் மட்டும் பாதிக்கு மேல் என் பக்கம் வந்தது. எனக்கு உறைப்பு ஆகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு துளி மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மாத்தையாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி, நாற்காலியை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் இரண்டு தாளையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். எழுதிய முடிவை மாற்ற முடியாது, ஆனால் வருகிற போட்டியில் எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லுவோம் என்றார். சொல்லவும் சொன்னார். சலூன்காரர் கப்பைக் கொண்டுவந்து அண்ணனுடைய கராஜ் மேசையில் வைத்துவிட்டு, மூன்று மாதம் வைத்திருந்து திருப்பித் தரும்படி சொல்லிப் போனார். சார்ஜ் போடும் பெட்டி ஆறும் வாங்கினோம். நாற்காலியும் போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் குடை பிடிக்கவும், நாயை விரட்டவும் ஆள் வேண்டுமாம். அண்ணி இன்னும் அதே கல்லில்தான் உட்காருகிறார்.

சித்திரை லீவில் காது குத்தினோம். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு வந்து, என் மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை மாமனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். வலது காது, ஒரு அலறல். இடது காது, இன்னொரு அலறல். யாரோ குலவை போட்டார்கள். பிறகு அலறல் அடங்கி விம்மலானது.

“டீச்சரு கண்ணத் தொறந்துட்டாங்க” என்றது அண்ணியின் குரல், எனக்கு எதிரிலிருந்து.

பிள்ளையின் இரண்டு காதிலும் தோடு மின்னியது. அவளுடைய மூக்குச்சளி முழுவதும் மாமனின் புதுச் சட்டையில் இருந்தது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தசம் நாலு லேட்டு” என்றார்.